மலைக்கு எடுத்துட்டுப் போற சின்ன கிரில் அடுப்பு எப்படி வாங்கறது: கொடைக்கானல் பக்கத்துல இருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்க வீட்டு பரண்ல மூணு கிரில் அடுப்பு கெடக்கு, நாலாவது ஒண்ணு ஜீப்புக்கு பின்னாடியே எப்பவும் இருக்கும். பரண்ல கெடக்கற மூணும் நான் காசு குடுத்து படிச்ச பாடம். சீசன் ஆரம்பிச்சா மதுரை, திண்டுக்கல், கோயமுத்தூர்ல இருந்து சொந்தக்காரங்க கூட்டாளிங்கனு போன் மேல போன் வரும், எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "மாப்ள, கார்ல வெச்சுக்கற மாதிரி சின்னதா ஒரு பார்பிக்யூ அடுப்பு வாங்கணும், எது நல்லது சொல்லு". ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் பேசி வாய் வலிச்சதுதான் மிச்சம், அதான் மொத்தமா உக்காந்து எழுதிடலாம்னு.

இந்த அடுப்பு விளம்பரம் எல்லாத்துலயும் பாருங்க, பீச்சு இருக்கும், மொட்டை மாடி இருக்கும், பளிச்சுனு வெயில் அடிக்கும். நம்ம மலை அப்படியா இருக்கு? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 7,000 அடி. இங்க காத்து திசை மாறி மாறி அடிக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல மூடுபனி இறங்கிரும், தரை பாதி நாள் ஈரம். கீழ வத்தலகுண்டுல ஜம்முனு எரியற அடுப்பு மேல வந்ததும் படுத்துக்கும். அதனால சைஸ் பாத்து, கலர் பாத்து, மடிக்க முடியுதானு பாத்து வாங்காதீங்க. காத்துக்கு தாங்குமானு பாத்து வாங்குங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

படி 1: அடுப்ப விடுங்க, எங்க பத்த வைக்கப் போறீங்கனு முதல்ல முடிவு பண்ணுங்க

இத கேட்டா சிரிப்பாங்க, "மலை பூரா இடம்தானே"னு. இல்லீங்க. பழனி மலையில பெரிய பகுதி காடு, 2013ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு. சரணாலயத்துக்குள்ள காட்டுக்கு ஆபத்து வர்ற மாதிரி நெருப்பு மூட்டறது, எரியற நெருப்ப அப்படியே விட்டுட்டு போறது ரெண்டுமே 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம். பைன் காடு, மோயர் பாயிண்ட், பேரிஜம் ஏரி போற வழி, எங்கயுமே அடுப்ப இறக்காதீங்க. காட் ரோடு ஓரத்துல வண்டிய நிறுத்திட்டு வளைவுல உக்காந்து சிக்கன் சுடற ஆளுங்கள வருஷா வருஷம் பாக்கறேன், பாக்கும்போதே வயிறு கலங்கும். பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் இங்க புல்லு காஞ்சு கெடக்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச்ல பக்கத்து மலையில, தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டிக்கிட்டு ட்ரெக்கிங் போனவங்க அத்தன பேரு செத்தது மறந்திருக்காது.

அப்ப எங்கதான் சுடறது? தங்கற ஹோம்ஸ்டே முற்றம், தெரிஞ்சவங்க தோட்டம், அனுமதி இருக்கற தனியார் கேம்ப் சைட். ஓனர்கிட்ட வாய் விட்டு கேட்டுட்டு பத்த வைங்க. ரூம் புக் பண்ணும்போதே "கரி அடுப்பு வெச்சுக்கலாமா"னு கேட்டுருங்க, சில இடத்துல கேஸ் மட்டும் ஓகேம்பாங்க, சில இடத்துல எதுவுமே கூடாதும்பாங்க. இந்த ஒரு பதில்லயே பாதி அடுப்பு உங்க லிஸ்ட்ல இருந்து கழண்டுக்கும்.

வர்ற வழியையும் சேத்து யோசிங்க. சொந்த வண்டினா 2024 மே மாசத்துல இருந்து ஈ-பாஸ் எடுத்துட்டுதான் மேல வரணும், சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வரக்கூடாது, அதனால தண்ணிக்கு பெரிய கேனோ எவர்சில்வர் குடமோ வெச்சுக்கோங்க (அடுப்புக்கும் அந்த தண்ணி தேவைப்படும், அது பின்னாடி வருது). ட்ரெயின்ல கொடை ரோடு வரைக்கும் வந்து பஸ் ஏறற ஆளுனா கேஸ் டப்பா, சிலிண்டர் பேச்சே எடுக்காதீங்க. ட்ரெயின்ல அது கொண்டு வந்தா ரயில்வே சட்டப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். 2023 ஆகஸ்ட்ல மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நின்ன டூரிஸ்ட் பெட்டியில ஒளிச்சு கொண்டு வந்த சிலிண்டர்னால தீப்பிடிச்சு ஒன்பது பேரு போயிட்டாங்க. அந்த மாதிரி வர்றவங்களுக்கு கரி அடுப்புதான், கரிய இங்க மேல வந்து வாங்கிக்கலாம்.

படி 2: எத்தன தலை, என்ன சுடப்போறீங்க

இது சின்ன கணக்கு. ஒரு சிக்கன் லெக் பீஸ் வைக்க சுமாரா நாலுக்கு நாலு இன்ச் இடம் வேணும், அதாவது 16 சதுர இன்ச். கம்பி வலைய முழுசா ரொப்பக் கூடாது, மூணுல ஒரு பங்கு காலியா இருக்கணும், ஏன்னா கொழுப்பு சொட்டி திடீர்னு தீ எழும்பினா பீஸ தள்ளி வைக்க இடம் வேணும்ல. 14 இன்ச் வட்ட அடுப்புனா மொத்தம் 150 சதுர இன்ச் சொச்சம், அதுல ஒரே நேரத்துல ஆறு பீஸ் நிம்மதியா சுடலாம். நாலு பேருக்கு ரெண்டு ஈடு போட்டா விருந்தே முடிஞ்சிரும். எட்டு பேருக்கு மேலனா பெரிய அடுப்பு ஒண்ணு தூக்கறதவிட இந்த சைஸ்ல ரெண்டு வாங்கிக்கறது புத்திசாலித்தனம், ஒண்ணு சைவம் ஒண்ணு அசைவம்னு வெச்சா வீட்டுல பெரியவங்ககிட்ட பேச்சு வாங்க வேண்டாம்.

என்ன சுடறோங்கறதும் முக்கியம். மீன்னா கம்பி இடைவெளி நெருக்கமா இருக்கணும், இல்ல ரெண்டு பக்கமும் மூடற மீன் வலை தனியா வாங்கணும். கறிய கம்பியில குத்தி சுடறதுனா ஓரத்துல கம்பி உக்கார வெட்டு இருக்கானு பாருங்க. மக்காச்சோளம், உருளை, காளான், பன்னீர், பூம்பாறை மலைப்பூண்டு முழுசா, இதுக்கெல்லாம் எந்த வலையும் ஓகே. பூண்ட தோலோட எண்ணெய் தடவி கங்கு ஓரத்துல அரை மணி நேரம் போட்டு வெச்சுட்டு பிதுக்கி எடுத்து பாருங்க, வெண்ணெய் மாதிரி வரும், அதுக்காகவே அடுப்பு வாங்கலாம். உருளைக்கு மட்டும் ஒரு விஷயம், இந்த உயரத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 93 டிகிரி பக்கமே கொதிச்சிரும், அதனால சும்மா சட்டியில வேக வெச்சா வேக ரொம்ப நேரம் ஆகும். ரூம்ல குக்கர்ல முக்கால் பதம் வேக வெச்சு எடுத்துட்டு வந்து வலையில போடுங்க.

படி 3: கரியா, கேஸா, கரண்ட்டா

கரண்ட்ட முதல்ல தள்ளிடலாம். எலக்ட்ரிக் கிரில் 1,500ல இருந்து 2,000 வாட் இழுக்கும், கார்ல இருக்கற லைட்டர் சாக்கெட்டு 150 வாட்டுக்கே மூச்சு வாங்கும். ரூம்லயே சுடறவங்களுக்கு சரி, அதுவும் மழை நாள்ல இங்க கரண்ட் எப்ப இருக்கும் எப்ப போகும்னு யாருக்கு தெரியும்.

கேஸ்ல ரெண்டு வகை. ஒண்ணு ஸ்ப்ரே டப்பா மாதிரி நீளமா இருக்கற பியூட்டேன் டப்பா போட்டு எரிக்கற சூட்கேஸ் அடுப்பு. என் ரெண்டாவது அடுப்பு இதான். மே மாசம் வாங்கினேன், சூப்பரா இருந்துச்சு, டீ போட்டோம், கிரில் பிளேட் வெச்சு பன்னீர் சுட்டோம், எல்லாருக்கும் பெருமையா காட்டினேன். டிசம்பர்ல மன்னவனூர்ல நண்பன் தோட்டத்துக்கு எடுத்துட்டு போனேன், ராத்திரி எட்டு மணி, கையெல்லாம் வெறைக்குது, அடுப்பு பத்துச்சு, பத்து நிமிஷத்துல தீ குறைஞ்சு குறைஞ்சு அகல் விளக்கு மாதிரி ஆயிருச்சு. டப்பாவ ஆட்டி பாத்தா பாதி கேஸ் அப்படியே இருக்கு! என்ன விஷயம்னா பியூட்டேன் திரவமா உள்ள இருக்கும், அது ஆவியானாதான் எரியும். பூஜ்ஜியம் டிகிரி பக்கம் வந்தா சாதா பியூட்டேன் ஆவியாக மாட்டேங்குது. வெளிய எட்டு டிகிரி இருந்தாலும் கேஸ் ஆவியாக ஆவியாக டப்பாவே ஜில்லிட்டுப் போயி உள்ள அதவிட கீழ இறங்கிரும். புரோப்பேன், ஐசோபியூட்டேன் கலந்த டப்பா கெடச்சா குளிருக்கு தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42லயே ஆவியாகும். சாதா டப்பாதான் கெடச்சுதுனா அத போடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஜெர்கினுக்குள்ள வெச்சு உடம்பு சூட்டுல வெச்சுக்கோங்க. சுடுதண்ணியில போடறேன், தீ கிட்ட காட்டறேன்னு மட்டும் போயிராதீங்க.

இன்னொன்னு, கடையில இருக்கற பெரிய கிரில் தட்ட இந்த சூட்கேஸ் அடுப்பு மேல வெச்சு டப்பா இருக்கற பக்கம் வரைக்கும் மூடற மாதிரி பண்றாங்க. தட்டோட சூடு கீழ இறங்கி டப்பாவ காய்ச்சி வெடிக்க வெச்சிரும். ரெண்டு அடுப்ப ஒட்டி வெச்சு ஒரே பெரிய தட்டு போடறதும் அதே கதைதான். அதே மாதிரி டப்பாவ கார்ல விட்டுட்டு கீழ டவுன்ல வெயில்ல நிறுத்திட்டு பிரியாணி சாப்பிட போகாதீங்க, 50 டிகிரிக்கு மேல போகக்கூடாதுனு டப்பா மேலயே போட்டிருக்கும், மூடின கார் அத சுலபமா தொட்டுரும்.

ரெண்டாவது வகை எல்.பி.ஜி. 5 கிலோ சின்ன சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், பர்னர். குளிருக்கு டப்பாவவிட பரவால்ல, ஆனா எடை, இடம், டியூப் லீக்குனு தலைவலி. வருஷம் பூரா கேம்ப் நடத்தறவங்களுக்கு சரி. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வர்ற குடும்பத்துக்கு வேண்டாம்ங்கறது என் கருத்து. ரோட்டோரத்துல பெரிய சிலிண்டர்ல இருந்து சின்னதுக்கு ஏத்தி தர்றேன்னு ஒருத்தர் நிப்பாரு, அவர் பக்கமே போகாதீங்க.

மிச்சம் கரி. நான் கரி கட்சி. டேஸ்ட்டுக்காக மட்டும் இல்ல, குளிர் எவ்வளவு அடிச்சாலும் கரிக்கு கவலை இல்ல, பத்திக்க கொஞ்சம் லேட் ஆகும், பத்திக்கிச்சுனா நிக்கும். கரியில என்ன வாங்கறதுனு பாத்தா, நம்ம ஊர்ல சுலபமா கெடைக்கறது ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டம் போட்டு எடுக்கற சீமைக்கருவேல மரக்கரி. நல்ல சூடு, சீக்கிரம் பத்தும், ஆனா பொறி பறக்கும், காத்துல பட்டு பட்டுனு தெறிக்கும், அதனால மூடி இல்லாத அடுப்புல அத போடாதீங்க. தேங்கா சிரட்டை கரி கட்டி புகை கம்மி, ரொம்ப நேரம் நிக்கும், பத்த வைக்க பொறுமை வேணும். நான் ரெண்டையும் கலப்பேன், அடியில மரக்கரி, மேல சிரட்டை கட்டி. நாலு பேருக்கு ஒண்ணரை கிலோ தாராளம். வாங்கினதும் பிளாஸ்டிக் டப்பாவுல காத்து போகாம மூடி வைங்க, இங்க இருக்கற ஈரத்துக்கு சாக்குல வெச்ச கரி ரெண்டே நாள்ல நமுத்துப் போன முறுக்கு மாதிரி ஆயிரும்.

படி 4: அடுப்போட உடம்பு, இதுலதான் எல்லாரும் ஏமாறாங்க

என் முதல் அடுப்பு ஆன்லைன்ல ஆயிரத்து முன்னூறு ரூபாய்க்கு வாங்கினது. மடிச்சா லேப்டாப் மாதிரி தட்டையா இருக்கும், விரிச்சா எக்ஸ் மாதிரி கால் நிக்கும், நடுவுல கரி போடற தொட்டி. பாக்க அவ்வளவு அழகு. ரெண்டாவது தடவ பத்த வெச்சப்பவே தொட்டி சூட்டுல வளைஞ்சிருச்சு, வளைஞ்சதுல ஒரு கால் கொண்டியில இருந்து கழண்டு அடுப்பு ஒரு பக்கமா சாஞ்சு கங்கு பூரா புல்லுல கொட்டிருச்சு. நல்லவேளை ஆகஸ்ட் மாசம், புல்லு நனைஞ்சு கெடந்துச்சு. என் மச்சான் செருப்பு காலோட மிதிச்சு அணைச்சாரு, இன்னிக்கும் அந்த செருப்ப காட்டி காட்டி பேசுவாரு.

அத தூக்கிட்டு திண்டுக்கல்ல ஒரு வெல்டிங் பட்டறைக்கு போனேன். அவரு தகரத்த விரல்ல சுண்டி பாத்துட்டு, "தம்பி, இது அடுப்பு இல்ல, பிஸ்கட் டப்பா. சூடான தகரம் எங்கயாவது போய்த்தான் ஆகணும், மொத்தமா இருந்தா உள்ளயே தாங்கிக்கும், மெலிசா இருந்தா படகு மாதிரி நெளியும்"னாரு. அவர்கிட்டயே 2 மில்லிமீட்டர் இரும்பு ஷீட்டுல ஒண்ணு அடிக்க சொன்னேன். கோட்டை மாதிரி அடிச்சு குடுத்தாரு, 11 கிலோ. அதான் மூணாவது அடுப்பு, இப்ப பரண்ல. ஏத்தி வைக்கவே ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு. சோ, மெலிசும் வேண்டாம் கோட்டையும் வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் சுத்தி இருந்தா போதும், மொத்த எடை நாலுல இருந்து ஆறு கிலோவுக்குள்ள.

பட்டறையில செய்யறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஜி.ஐ ஷீட், அதான் துத்தநாகம் பூசின பளபள தகரம், அதுல அடுப்பு செய்ய விடாதீங்க, சூட்டுல அந்த பூச்சு புகையா வந்து மூச்சுக்கு கேடு. பழைய ஃபிரிட்ஜ் ரேக்க கம்பி வலையா போடறதும் அதே தப்பு, அதுல என்ன பூச்சு இருக்குனு யாருக்கும் தெரியாது. சாதா கருப்பு இரும்பு போதும், துருப்பிடிக்கும், எண்ணெய் தடவினா சரியாயிரும். எவர்சில்வர்னா 304ங்கற ரகம் நல்லது. கடைக்காரர் காந்தத்த வெச்சு "பாருங்க ஒட்டல, 304 தான்"னு காட்டுவாரு, 202ங்கற மட்ட ரகமும் பெரும்பாலும் ஒட்டாது, அத நம்பி கூடுதல் காசு குடுக்காதீங்க.

இப்ப மூடி. மலைக்கு அடுப்பு வாங்கறீங்கனா மூடி இல்லாதத தொடாதீங்க, இதுல பேச்சே இல்ல. 1952ல அமெரிக்காவுல ஜார்ஜ் ஸ்டீபன்னு ஒருத்தர் இரும்பு பட்டறையில வேலை செஞ்சவரு, கடல்ல மிதக்க விடற இரும்பு மிதவைய குறுக்க வெட்டி அடிப்பாகத்த அடுப்பாவும் மேல்பாகத்த மூடியாவும் ஆக்கினாரு, இன்னிக்கு கெட்டில் கிரில்னு விக்கற எல்லாத்துக்கும் தாத்தா அதுதான். மூடி போட்டா காத்து கங்க விசிறாது, சாம்பல் கறி மேல பறக்காது, உள்ள சூடு சுத்தி வந்து பீஸோட மேல்பக்கமும் வேகும். மூடி இல்லாம இங்க லெக் பீஸ் சுட்டா அடிப்பக்கம் கருகி மேல்பக்கம் பச்சையா இருக்கும், குளிர்காத்து அடிச்சுக்கிட்டே இருக்குல்ல. சாரல் வந்தாலும் மூடிய போட்டுட்டு குடைய புடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கலாம், நாங்க நின்னிருக்கோம்.

மூடியோட சேத்து காத்து ஓட்டை. அடியில ஒண்ணு, மூடியில ஒண்ணு, ரெண்டும் திறந்து மூடற மாதிரி இருக்கணும். இந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கீழ இருக்கறதுல சுமார் எண்பது சதவீதம்தான், கரிக்கு மூச்சு முட்டும், அதனால அடி ஓட்டை பெருசா இருக்கறது நல்லது. அதே ஓட்டைய முழுசா மூட முடிஞ்சாதான் கடைசியில கங்க அணைக்க முடியும். வெறும் ஓட்டை மட்டும் போட்டு மூடற தகடு இல்லாம நெறைய மாடல் வருது, அத ஒதுக்கிருங்க.

கால் வந்து ஸ்க்ரூ போட்டதோ வெல்டு வெச்சதோ இருக்கணும், மடக்கு கால்னா லாக் இருக்கணும். அடுப்போட அடி தரையில இருந்து அஞ்சாறு இன்ச்சாவது மேல இருக்கணும், இல்லனா கீழ புல்லு வேகும், ஹோம்ஸ்டே டைல்ஸ் வெடிக்கும் (அதுக்கும் காசு கட்டியிருக்கேன்). அடியில சாம்பல் தட்டு இருந்தா ரொம்ப நல்லது. கரிக்கும் வலைக்கும் நடுவுல நாலு இன்ச் இடைவெளி வேணும், அதவிட கம்மினா எல்லாமே கருகும். கைப்பிடி மரமா இருக்கட்டும். மூடிய அடுப்போட பூட்டற கொக்கி இருந்தா காட் ரோடு வளைவுல டிக்கிக்குள்ள அது தனியா இது தனியா உருண்டு உயிர வாங்காது.

வட்டமா, பெட்டியானு கேட்டா, வட்டம் சூட்ட நல்லா சுத்த விடும், பெட்டி டிக்கியில நல்லா உக்காரும். என்கிட்ட இப்ப இருக்கறது மூடி போட்ட 14 இன்ச் வட்டம். அஞ்சு வருஷமா ஓடுது.

படி 5: வாங்கும்போது கையால செய்ய வேண்டியது

கடையில வாங்கினா அடுப்ப தரையில வெச்சு ஒரு ஓரத்த கையால அமுக்குங்க, ஆடினா வேண்டாம். மூடிய போட்டு சுத்தி பாருங்க, ஒரு பக்கம் விரல் நுழையற இடைவெளி இருந்தா வேண்டாம். வலைய தூக்கி பாருங்க, கம்பி பென்சில்ல பாதி மொத்தமாவது இருக்கணும், நூல் மாதிரி இருந்தா தொங்கிரும். கரி சேக்கறதுக்கு வலைய எடுக்காம வழி இருக்கானும் பாருங்க, மடக்கற வலை இருந்தா சௌகரியம். ஆன்லைன்ல வாங்கறீங்கனா போட்டோவ விடுங்க, எடையும் அளவும் மட்டும் பாருங்க. 14 இன்ச் அடுப்பு ஒண்ணரை கிலோதான்னு போட்டிருந்தா அது எங்க பட்டறை அண்ணன் சொன்ன பிஸ்கட் டப்பா.

கூடவே வாங்க வேண்டியது, நீளமான இடுக்கி, வெல்டிங்காரங்க போடற தோல் கையுறை, கரி பத்த வைக்கற இரும்பு உருளை. உருளை இல்லனா பெரிய பால் பவுடர் டின்ன எடுத்து அடியில ஓட்டை போட்டுக்கலாம், வெறுமனே ஒரு தடவ நல்லா எரிய விட்டு பெயிண்ட் போக்கிட்டு. சிக்கன் சுடறவங்க முடிஞ்சா குத்தி பாக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வெச்சுக்கோங்க, எலும்பு பக்கத்துல 74 டிகிரி வந்தா பயமில்ல. இருட்டுல டார்ச் வெளிச்சத்துல கலர பாத்து வெந்துச்சா வேகலையானு கண்டுபிடிக்கவே முடியாது, நாலு பேருக்கு வயிறு கெட்டதுக்கு அப்புறம்தான் நான் வாங்கினேன்.

படி 6: முதல் எரிப்ப வீட்டுலயே முடிங்க

புது அடுப்புல மெஷின் எண்ணெய், பெயிண்ட் வாடை எல்லாம் இருக்கும். சாப்பாடு எதுவும் வைக்காம கரிய ரொப்பி முக்கால் மணி நேரம் எரிய விடுங்க. ஆறினதும் வலைக்கு கடலெண்ணெய் தடவி இன்னொரு தடவ லேசா காய வைங்க, தோசைக்கல்லு பழக்கற மாதிரிதான். கால் நெளியுதா, மூடி இறுகுதானு இதுலயே தெரிஞ்சிரும், திருப்பி அனுப்பவும் நாள் இருக்கும். மலைக்கு வந்து பெட்டிய பிரிக்கற ஆளுங்கதான் கடைசியில பஜார்ல போயி பரோட்டா வாங்கி சாப்பிடுவாங்க.

படி 7: மலையில பத்த வைக்கறது

காத்து எந்த பக்கம் வருதுனு பாத்து, சுவர் மறைவுலயோ வண்டிக்கு கொஞ்சம் தள்ளியோ, மண் தரையில வைங்க. சுத்தி ஆறடிக்கு சருகு, காஞ்ச புல்லு கூட்டி தள்ளுங்க. பக்கத்துல அஞ்சு லிட்டர் தண்ணி. உருளைக்குள்ள அடியில பேப்பரும் தேங்கா நாரும், மேல கரி, நாலு சூடம் கொளுத்தி கீழ வெச்சா பத்திக்கும். மண்ணெண்ணெய் ஊத்தினா கறியில அந்த வாடைதான் வரும், பெட்ரோல் ஊத்தறவன் கூட்டாளியே கிடையாது, அவன அனுப்பிருங்க. கீழ இருவது நிமிஷத்துல ரெடியாகற கரி இங்க அரை மணி நேரம் எடுக்கும், மழைக்காலம்னா அதுக்கும் மேல. அவசரப்பட்டு பாதி கருப்பா இருக்கும்போதே கறிய வெச்சா புகைதான் சாப்பிடணும். கங்கு மேல நீறு பூத்து வெள்ளையா ஆகட்டும். அப்புறம் கங்க ஒரு பக்கமா தள்ளி வைங்க, மறுபக்கம் காலியா. முதல்ல கங்கு பக்கம் வெச்சு நிறம் ஏத்திட்டு காலி பக்கம் நகத்தி மூடிய போட்டுருங்க, இருவது இருவத்தஞ்சு நிமிஷம். நடு நடுவுல மூடிய தூக்கி தூக்கி பாக்கறவர பக்கத்துல விடாதீங்க, எங்க வீட்டுல அது எங்க சித்தப்பா.

வாசம் போனா விருந்தாளி வரும். டவுனுக்குள்ளயே காட்டு மாடு நடமாடற ஊரு இது, பண்ணைக்காடு தாண்டிக்குடி பக்கம்னா யானையும் உண்டு. காட்டு மாட்ட பாத்தா போட்டோ எடுக்க கிட்ட போகாம சத்தம் போடாம உள்ள போயிருங்க, கறி போனா போகுது.

படி 8: அணைக்கறது

இது எழுதும்போது சிரிக்க மாட்டேன். 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல பார்பிக்யூ அடுப்ப குளிருக்கு ரூமுக்குள்ள வெச்சுட்டு தூங்கின ரெண்டு பசங்க காலையில எந்திரிக்கல. கரி கங்குல இருந்து கார்பன் மோனாக்சைடு வரும், நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல அதவிட இருநூறு மடங்குக்கு மேல பலமா இது ஒட்டிக்கும், தூக்கத்துலயே ஆள் போயிரும். புகை இல்ல, சாம்பல் பூத்துருச்சு, அணைஞ்ச மாதிரிதான் இருக்குனு நெனச்சு ரூம், டென்ட், கார் எதுக்குள்ளயும் அடுப்ப எடுத்துட்டு போகாதீங்க. ஜன்னல லேசா திறந்து வெச்சா போதும்னு யாராவது சொன்னா அதையும் கேக்காதீங்க. மழை வந்துச்சுனா அடுப்பு நனையட்டும்.

சாப்பிட்டு முடிஞ்சதும் மேல கீழ ரெண்டு ஓட்டையையும் மூடுங்க, ஒரு மணி நேரத்துல கங்கு பெரும்பாலும் மூச்சு முட்டி அணைஞ்சிரும், மிச்ச கரிய அடுத்த தடவைக்கு எடுத்துக்கலாம். சூடா இருக்கும்போது அடுப்புக்குள்ள தண்ணிய ஊத்தாதீங்க, இரும்பு நெளியும், சாம்பலும் ஆவியும் மூஞ்சியில அடிக்கும். சாம்பலுக்குள்ள கங்கு மறுநாள் வரைக்கும் கூட உயிரோட இருக்கும், அதனால ராத்திரி சாம்பல குப்பையிலயோ புதருலயோ கொட்டாம அடுப்பு வெளிய அப்படியே இருக்கட்டும். காலையில தண்ணி தெளிச்சு, கைய வெச்சு பாத்து ஜில்லுனு இருந்தா மூடி போட்ட டின்ல அள்ளிக்கிட்டு கீழ கொண்டு போயிருங்க.

வலைய கழுவ வேண்டாம். சூடு இருக்கும்போதே பாதி வெங்காயத்த முள்கரண்டியில குத்தி அழுத்தி தேச்சா ஒட்டினதெல்லாம் வந்துரும், ஆறினதும் எண்ணெய் தொட்டு தொடச்சு, பழைய பேப்பர்ல சுத்தி உள்ள வைங்க. எண்ணெய் தொடைக்காம நம்ம பனியில ஒரு வாரம் விட்டீங்கனா வலை செங்கல் கலர்ல இருக்கும்.